நீல வயரும் நாற்பத்தேழாவது நிமிடமும்

தேர் அன்று காலை தேசிகன் செய்ய நினைத்து, செய்யாமல் போன வேலை ஒன்றுதான். கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைத் திருத்துவது.

பஞ்சகச்சம் கட்டி, பன்னிரண்டு திருமண்ணும் இட்டுக்கொண்ட பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டார். நாமகிரி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இந்தக் கோலத்துல ஸ்டூல்ல ஏறாதீங்கோ. விழுந்து வெச்சா, கோஷ்டியில ஒரு குரல் குறையும்."

"ஏழு நிமிஷம் வேகமா ஓடறதுடி."

"ஒரு மாசமா ஓடிண்டிருக்கு. நீங்களும் ஒரு மாசமா சொல்லிண்டிருக்கேள்."

தேசிகன் ஸ்டூலைச் சுவரோரம் தள்ளிவிட்டார். "ஏழு நிமிஷம்னு தெரிஞ்சா அது சரியான கடியாரம்தான். எவ்வளவு தப்புன்னு தெரியாத கடியாரம்தான் தப்பு. வந்து திருத்தறேன்" என்றார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போகிற வழியில், வேலை பார்க்கும் பட்டுக் கடைக்குப் போய், தேருக்காகக் கரண்டை நிறுத்துவதற்குள் கம்ப்யூட்டர்களை அணைத்துவிட்டு, அப்படியே தேரின் முன்னால் பாராயணம் பண்ணும் கோஷ்டியில் சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு.

மத்தியானம் ஒன்றரை மணிக்கு, காந்தி ரோட்டில், நடந்துகொண்டிருந்தவர் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த நர்சிங் ஹோமில் இறந்த நேரம் இரண்டு நாற்பது என்று எழுதினார்கள். மாரடைப்பு. வயது நாற்பத்தொன்பது.

அது நடந்து இன்றோடு இருபத்தாறு நாள். பதின்மூன்று நாள் காரியங்கள் முடிந்து, வந்தவர்கள் போய், மகள் லக்ஷணாவும் சென்னை ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டாள். இனி துக்கம் மட்டும்தான் பாக்கி என்று நாமகிரி நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் கடை மேனேஜர் கலியாணசுந்தரம் வந்து, தலையைக் குனிந்துகொண்டு, தேசிகன் திருடன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடை முதலாளி தில்லையம்மாளின் பட்டு நிறுவனத்தில் கல்யாணப் புடவைகளுக்கான டிசைன்களைக் கம்ப்யூட்டரில்தான் வரைவார்கள். அடுத்த முகூர்த்தத்துக்கு வைத்திருந்த மூன்று டிசைன்கள், இங்கே தறி ஏறுவதற்கு முன்பே சென்னையில் ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் புடவையாகத் தொங்கின. இன்டர்நெட் கொடுக்கும் கம்பெனியிடம் கேட்டார்கள். தேர் அன்று இந்தக் கடையிலிருந்து பெரிய அளவில் ஏதோ வெளியே போயிருக்கிறது என்று ஒரு தாள் வந்தது. தாளில் நாள் இருந்தது, மணி இல்லை. வெளியே எதுவும் போகாமல் காவல் காப்பது ஃபயர்வால் என்கிற ஒரு தட்டைப் பெட்டி. அதைத் திறந்து மூடத் தெரிந்தவர் தேசிகன் ஒருவர்தான். தேர் அன்று காலை அவர் கடைக்கு வந்ததற்கு வாட்ச்மேன் நோட்டில் கையெழுத்து இருக்கிறது. இன்று பதினோரு மணிக்குள் புகாரில் தில்லையம்மாள் கையெழுத்துப் போட, அது காவல் நிலையத்துக்குப் போகும். குற்றவாளி இறந்துவிட்டதால் விசாரணை இல்லை. குற்றம் மட்டும் இருக்கும்.

லக்ஷணா தன் பெயருக்கு முன்னால் போடும் ஒற்றை எழுத்து தேசிகனுடையது. அதை அவள் சாகிறவரை எல்லாத் தாள்களிலும் எழுதியாக வேண்டும். நாமகிரிக்கு இதைத் தவிர வேறு கணக்கு எதுவும் ஓடவில்லை.

ஆகவே கிருஷ்ணவேணியைக் கூப்பிட்டாள்.

கிருஷ்ணவேணி தனியார் துப்பறிவாளர். வாலாஜாபாத்தில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தி, ஊரில் கற்றுக்கொள்ள ஆள் தீர்ந்துபோனதால் இந்தத் தொழிலுக்கு வந்தவள். பத்துக்கு ஒன்பது கேஸ் மாப்பிள்ளை விசாரணை. போன வருஷம் இதே தெருவில் ஒரு பையன் சிகரெட் பிடிப்பானா என்று விசாரிக்க வந்தபோது நாமகிரிக்கு அறிமுகம். அவளுடைய உதவியாளர் கண்ணாயிரம், முசரவாக்கத்துக்காரர், ஐம்பது தாண்டியவர், ஒரு காலத்தில் மின்வாரியத்துக்குக் கம்பம் நட்டவர். வேலையை விட்டதற்குக் காரணம் கேட்டால், "ஷாக் அடிச்சதுல வாய் மட்டும் நிக்காம ஓடுது, அவங்களுக்கு ஒத்து வரல" என்பார்.

காலை எட்டேகாலுக்கு இருவரும் நாமகிரி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்தப் பெட்டிய நெட்வொர்க் வழியா தொறக்க பாஸ்வேர்ட் வேணும்" என்றாள் கிருஷ்ணவேணி. "அது சார்கிட்ட மட்டும்தான் இருந்துதாம். ஆனா பெட்டி முதுகுல கன்சோல்னு ஒரு ஓட்டை இருக்குது மாமி. வயரை நேரா அதுல சொருகி, பெட்டிகிட்ட மூஞ்சிக்கு மூஞ்சி பேசலாம். உள்ள என்ன கதவு பூட்டியிருந்தாலும் வாசல்லயாவது நின்னு பாக்கலாம்."

"பாத்துடலாமே."

"அதுக்குன்னு தனி வயர். கடையில இருந்தது காணோமாம். சென்னையிலேர்ந்து நாளன்னிக்கு ஆள் கொண்டாருவாரு, அதுவரைக்கும் பொறுங்கன்றாரு மேனேஜர்."

கண்ணாயிரம் அன்றைய பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார். "நாளன்னிக்கு வரட்டும். இன்னிக்குப் பத்து மணிலேர்ந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் காந்தி ரோட்ல பராமரிப்புன்னு கரண்டு கட்டு. போட்டிருக்குது பாரு மேடம்."

கிருஷ்ணவேணி நிமிர்ந்தாள். "கரண்டு நின்னா அந்தப் பெட்டிக்கு எல்லாம் மறந்து போயிடும். யார் வந்தா, என்ன செஞ்சான்னு அது எழுதி வெக்கறது தற்காலிக ஞாபகத்துல."

"யு.பி.எஸ். இருக்கே" என்றாள் நாமகிரி. "இருபது நிமிஷம் தாங்கும்னு சொல்லுவார்."

"ஏழு மணி நேரம் தாங்காது மாமி" என்றார் கண்ணாயிரம். "நாளன்னிக்கு வயர் வரும், பெட்டி இருக்கும், ஞாபகம் இருக்காது. எங்க சித்தப்பா மாதிரி."

"அந்த வயர் எப்படி இருக்கும்?" என்று நாமகிரி கேட்டாள்.

"வெளிர் நீலம். நாடா மாதிரி தட்டையா இருக்கும். ஒரு முனையில போன் வயர் மாதிரி சின்ன மூக்கு, இன்னொரு முனையில ஒம்பது ஓட்டை வெச்ச கனெக்டர்."

நாமகிரி எழுந்து போய்ப் பரணுக்குக் கீழே இருந்த பழைய பேப்பர் கட்டை இழுத்து வந்தாள். பேப்பர்காரனுக்குப் போடுவதற்காக இரண்டு மாதத்துக்கு முன்பு கட்டி வைத்தது. நல்ல இறுக்கமான இரட்டை முடிச்சு. கயிறு வெளிர் நீலமாக, நாடா மாதிரி தட்டையாக இருந்தது.

"கடையில இருக்கறது போறாதுன்னு ஆத்துலயும் ஒண்ணு வெச்சிருந்தார். மேஜை இழுப்பறையில அநாவசியமாக் கெடக்கேன்னு எடுத்தேன். 'எங்கே அது'ன்னு ரெண்டு நாள் தேடினார். எனக்குத் தெரியாதுன்னுட்டேன்."

கண்ணாயிரம் முடிச்சை அவிழ்த்தார். அவிழ்க்க ஐந்து நிமிடம் ஆயிற்று. "இத்தோட பெட்டியையும் கட்டிப்போட்டிருந்தா எவனும் தொட்டிருக்க முடியாது" என்றார்.

*

தில்லையம்மாளின் கடை மாடியில், படி ஏறியதும் கலியாணசுந்தரம் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு, யாரைப் பார்த்தாலும் பாதிக் கும்பிடு. வாலாஜாபாத்தில் அரிசி மில் வைத்திருக்கும் குடும்பம். பட்டுக்கு வந்து பத்து வருஷம் ஆகிறது.

"மாமி, நீங்க ஏன் வெயில்ல" என்று வருந்தினார். பிறகு வந்தவர்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். நாமகிரியைக் காட்டி "லாபம்" என்றார், கிருஷ்ணவேணியைக் காட்டி "ரெண்டு", கண்ணாயிரத்தைக் காட்டி "மூணு." உள்பக்கம் திரும்பி, "மூணு காபி" என்று குரல் கொடுத்தார்.

இருபத்தாறு நாளில் தன்னைப் பார்த்து யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை என்று நாமகிரிக்குத் தோன்றியது. நல்ல வார்த்தைதான், ஆள் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

"தேர் அன்னிக்குக் கடை லீவுதானே சார்?" என்று கிருஷ்ணவேணி கேட்டாள்.

"லீவுதான். ஆனா நான் வந்துட்டேன். காலையில ஆறரைக்கு தேசிகன் சார் எறங்கிப் போனாரு. அப்புறம் நாலு மணி வரைக்கும் நான் கீழ படிக்கட்டுகிட்டதான் உக்காந்துக்கினு இருந்தேன். ஒரு ஈ, எறும்பு மேல ஏறல. எந்தக் கோயில்ல வேணும்னாலும் சத்தியம் பண்றேன்."

"கோயிலுக்கு இந்த ஊர்ல பஞ்சமில்ல" என்றார் கண்ணாயிரம். "நீங்களும் மேல ஏறலயா?"

"நான் எதுக்கு ஏறணும்? எனக்கு கம்ப்யூட்டர்ல சீட்டு ஆடக்கூடத் தெரியாதுபா."

கிருஷ்ணவேணி அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். அவள் எழுதுவதைப் பார்த்து அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

மெஷின் ரூம் என்பது பழைய நூல் கிடங்கைத் தடுத்து ஏ.சி. போட்ட அறை. ஒரு அலமாரியில் பெட்டிகள். எல்லாவற்றுக்கும் கீழே, பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு, இட்லித் தட்டு உயரத்தில் ஒரு பெட்டி. தேசிகன் நாள் முழுக்க எதைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று நாமகிரி பல தடவை கேட்டதுண்டு. இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

"வயர்தான் இல்லயே" என்றார் கலியாணசுந்தரம்.

கிருஷ்ணவேணி பையிலிருந்து நீல வயரை எடுத்தாள். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "ஏது?" என்றார்.

"பழைய பேப்பரோட வந்துச்சு" என்றார் கண்ணாயிரம்.

கிருஷ்ணவேணி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயரின் சின்ன மூக்கைப் பெட்டியின் முதுகிலும் மறு முனையைத் தன் பழைய லேப்டாப்பிலும் சொருகினாள். திரையில் ஒரு ஜன்னல் திறந்தது. என்டர் தட்டினாள். கட்டமும் கோடும் கிறுக்கலுமாக இரண்டு வரி வந்து விழுந்தது.

"கெட்டுப் போயிருக்குது" என்றார் கலியாணசுந்தரம், சட்டென்று குரல் தெளிந்து.

"கெடல. அது ஒரு வேகத்துல பேசுது, நான் வேற வேகத்துல கேக்கறேன்."

"என் வீட்டுக்காரிக்கும் எனக்கும் நடுவுல இதே கிறுக்கல்தான் முப்பது வருஷமா" என்றார் கண்ணாயிரம்.

கிருஷ்ணவேணி வேகத்தை ஒன்பதாயிரத்து அறுநூறு என்று மாற்றி மறுபடி என்டர் தட்டினாள். கிறுக்கல் போய் ஒரு சுத்தமான வரி வந்தது. பெட்டியின் பெயர், அதன் பக்கத்தில் ஒரு குறி. அவள் கை அப்படியே நின்றது.

"என்னம்மா?" என்றாள் நாமகிரி.

"பாஸ்வேர்ட் கேக்கல மாமி. நேரா உள்ள விட்டுடுச்சு. யாரோ ஏற்கெனவே உள்ள போயிருக்காங்க. வேலைய முடிச்சுட்டு, முறையா வெளிய வராம, காணோம்னாங்களே அந்தக் கடை வயரை மட்டும் பிடுங்கி எடுத்துட்டுப் போயிருக்காங்க. வயரைப் பிடுங்கினா பெட்டிக்குத் தெரியாது. அந்த ஆள் இன்னும் உக்காந்திருக்கான்னே நெனச்சுக்கினு காத்துக்கிட்டிருக்குது."

"உள்ள போனவா ரொம்ப நேரம் சும்மா இருந்தா அந்தப் பெட்டி வெளியில தள்ளிடுமாம்" என்றாள் நாமகிரி. "நான் மெதுவா யோசிக்கிற ஆளு, அது அவசரப்படுத்தறது, அந்த ஏற்பாட்டை எடுத்துட்டேன்னு ஒரு தடவை சொன்னார்."

"புண்ணியவான்" என்றார் கண்ணாயிரம்.

கிருஷ்ணவேணி பதிவேட்டைக் கேட்டாள். பெட்டி வரி வரியாகக் கொட்டியது. அதில் ஒரு வரியில் விரலை வைத்தாள். கன்சோல் வழியாக அமைப்பு மாற்றப்பட்டது என்று ஆங்கிலத்தில் இருந்தது.

"கன்சோல். அதாவது ஊருக்கு வெளிய உக்காந்தோ, வீட்ல உக்காந்தோ செய்யல. இதே ரூம்ல, நான் உக்காந்திருக்கிற எடத்துல உக்காந்து செஞ்சிருக்காங்க."

"அதைத்தானே நானும் சொல்றேன்" என்றார் கலியாணசுந்தரம். "காலையில ஆறு மணிக்கு வந்து உக்காந்தாரே. தேதி போட்டிருக்குமே, பாருங்க."

தேதி போட்டிருந்தது. 1993 மார்ச் ஒன்று, நள்ளிரவு தாண்டி நாற்பத்தேழு நிமிடம்.

இப்போது நடப்பது 2004.

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி இந்தப் பெட்டியே இங்க இல்ல" என்றார் கலியாணசுந்தரம் மென்மையாக. "பெட்டிக்குப் புத்தி கலங்கியிருக்குது. இதைப் போய் ஸ்டேஷன்ல காட்ட முடியுமா? மாமி, காபி ஆறுது."

கிருஷ்ணவேணி உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இந்த மாதிரி பெட்டிங்களுக்கு உள்ள பேட்டரி கெடையாது. கரண்டு சுத்தமாப் போயி வந்தா, கடியாரம் மொதல்லேர்ந்து, கம்பெனிக்காரன் வெச்ச தொண்ணூத்திமூணு மார்ச் ஒண்ணு பூஜ்யம் மணிலேர்ந்து ஆரம்பிக்கும். தப்பான நேரம்தான். ஒண்ணும் பண்ண முடியாது."

நாமகிரி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கோ ஸ்டூல் இழுபடுகிற சத்தம் கேட்டது போலிருந்தது.

"இப்போ அதுல மணி என்ன?" என்றாள்.

"மாமி?"

"அது தப்பாவே ஓடட்டும். எவ்வளவு தப்புன்னு தெரிஞ்சாப் போறுமே. இப்போ அந்தப் பெட்டியில என்ன தேதி, என்ன மணி காட்டறது? உங்க கைக் கடியாரத்துல என்ன காட்டறது?"

கிருஷ்ணவேணி அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தட்டினாள். "பெட்டியில மார்ச் இருபத்தாறு, ராத்திரி ஏழு பத்து. என் வாட்ச்ல இன்னிக்குக் காலையில ஒம்பதரை."

கண்ணாயிரம் ஏற்கெனவே விரல் மடக்க ஆரம்பித்திருந்தார். "பெட்டி முழிச்சு இருபத்தஞ்சு நாள், பத்தொம்பது மணி, பத்து நிமிஷம் ஆவுது. இருபத்தாறு நாளைக்கு அஞ்சு மணிக்குப் பத்து நிமிஷம் கம்மி. அப்போ ஒம்பதரையோட நாலு மணி அம்பது நிமிஷம் கூட்டணும்." கடைசி விரலில் நிறுத்தினார். "தேர் அன்னிக்கு மத்தியானம் ரெண்டு இருபது."

"தேர் போறதுக்காகக் கரண்டை நிறுத்தினாங்களே, அது திரும்பி வந்த நேரம்" என்றாள் கிருஷ்ணவேணி மெதுவாக.

"தேர் உச்சி கம்பியில மாட்டும்னு வருஷா வருஷம் நிறுத்துவோம். நானே கழட்டியிருக்கேன். காலையில போனா, தேர் இந்த ரோட்டைத் தாண்டினப்புறம்தான் வரும். மணிக்கணக்குல ஆவும். யு.பி.எஸ். செத்துப் போயிருக்கும். அப்புறம் இந்த மாசத்துல போனதெல்லாம் அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம்."

"ரெண்டு இருபதுதான்" என்றாள் நாமகிரி.

மூவரும் அவளைப் பார்த்தார்கள்.

"நர்சிங் ஹோமும் இதே ரோட்லதான். அவரைப் படுக்க வெச்சிருந்த ரூம்ல ஃபேன் நின்னிருந்தது. நான் பேப்பரால விசிறிண்டிருந்தேன். ஃபேன் சுத்த ஆரம்பிச்சது. 'கரண்டு வந்துடுச்சி, ரெண்டு இருபது'ன்னு நர்ஸ் சொன்னா. அப்பாடா, இனிமே காத்து வரும்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "அதுக்கப்புறம் இருபது நிமிஷம் காத்து வந்தது."

கிருஷ்ணவேணிதான் கணக்கை முடித்தாள், திரையைப் பார்த்தபடியே. "பெட்டி முழிச்ச நாப்பத்தேழாவது நிமிஷத்துல கதவைத் தொறந்திருக்காங்க. அதாவது மூணு மணி ஏழு நிமிஷம். சார் போனது ரெண்டு நாப்பது."

"செத்து இருபத்தேழு நிமிஷம் கழிச்சு, இவரு கீழ உக்காந்திருக்கப்பவே, கண்ணுல படாம மாடி ஏறி வந்து வேலை செஞ்சிருக்காரு" என்றார் கண்ணாயிரம். "கடைக்கு இவ்ளோ விசுவாசமான ஆளை நான் பாத்ததில்ல."

அப்போது ஏ.சி. நின்றது. விளக்கு அணைந்தது. யு.பி.எஸ். கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

"பத்து மணிக்குன்னு போட்டா ஒம்பதே முக்காலுக்கே நிறுத்துவானுங்க" என்றார் கண்ணாயிரம். "சாப்பாட்டுக்கு மட்டும் சரியான நேரத்துக்குப் போவானுங்க."

"இருபது நிமிஷம் இருக்குது. எல்லாத்தையும் லேப்டாப்புல எறக்கிக்கறேன்" என்று கிருஷ்ணவேணி தட்டத் தொடங்கினாள்.

"இந்தச் சத்தம் காதைத் துளைக்குதே" என்றார் கலியாணசுந்தரம். "பேட்டரியும் கெட்டுடும். நிறுத்திடறேன்." குனிந்து யு.பி.எஸ். பக்கம் கையை நீட்டினார்.

நாமகிரி அதன் ஸ்விட்சின் மேல் தன் உள்ளங்கையை வைத்தாள். அவர் அவள் கையைத் தொட முடியாது. தொடவும் இல்லை. குனிந்த முதுகு குனிந்தபடியே கொஞ்ச நேரம் நின்றது.

"கத்தட்டும்" என்றாள்.

கதவு திறந்தது. தில்லையம்மாள் கையில் புகார்த் தாளுடன் நின்றாள். அறுபது வயது. காது நிறையத் தோடு. எதற்கும் குரல் உயர்த்த வேண்டிய அவசியம் ஏற்பட்டிராதவள். "என்னாபா கலியாணம், கையெழுத்து கேட்டுட்டு இங்க வந்து நிக்கறே? இது என்னா சத்தம்?"

"ரெண்டு நிமிஷம்மா" என்றாள் கிருஷ்ணவேணி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "சார், ஒரு ஒதவி. என்னால எழுந்திருக்க முடியல. இந்தப் பெட்டி முதுகுல எத்தனை வயர் சொருகியிருக்குதுன்னு தொட்டு எண்ணிச் சொல்லுங்க. தப்பாச் சொன்னா ரிப்போர்ட்ல தப்பாயிடும்."

முதலாளி பார்த்துக்கொண்டிருக்கிறாள். கலியாணசுந்தரம் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு ஒவ்வொரு வயராகத் தொட்டார்.

"லாபம், ரெண்டு, மூணு, நாலு. நாலுங்க."

"நன்றி சார்."

கிருஷ்ணவேணி லேப்டாப்பைத் தில்லையம்மாள் பக்கம் திருப்பினாள்.

"அம்மா, இந்தப் பெட்டியில எது உள்ள வரலாம், எது வெளிய போகலாம்னு விதி எழுதி வெக்கணும். ஒவ்வொரு விதிக்கும் எழுதறவங்க இஷ்டத்துக்கு ஒரு பேர் கொடுக்கலாம். தேசிகன் சார் எழுதின விதிங்க இது. சன்னதி, மாடவீதி, அனந்தசரஸ். எல்லாம் கோயிலைச் சுத்தி. இதெல்லாம் பெட்டியில நிரந்தரமா இருக்குது. இதுக்குக் கீழ, தேர் அன்னிக்கு மத்தியானம் மூணு ஏழுக்குப் புதுசா மூணு விதி சேர்ந்திருக்குது. மூணு டிசைனுக்கு மூணு. சேமிச்சு வெக்கல. கரண்டு போயி வந்தா தடயமே இல்லாமப் போயிடும். அதுங்களோட பேரைப் படியுங்க."

தில்லையம்மாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். ஆங்கில எழுத்துகள்தான்.

"எல், ஏ, பி, ஏ, எம்." நிறுத்தினாள். "லாபம்." அடுத்த வரிக்குப் போனாள். "ரெண்டு." கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். மூன்றாவதை யாரும் படிக்க வேண்டியிருக்கவில்லை.

யு.பி.எஸ். கத்திக்கொண்டிருந்தது.

"நெல்லு அளக்கறப்ப மொத மரக்காலை ஒண்ணுன்னு சொல்லமாட்டாங்க, லாபம்னுதான் ஆரம்பிப்பாங்க" என்றார் கண்ணாயிரம். அவர் குரலில் முதல் தடவையாகக் கிண்டல் இல்லை. "எங்க களத்துலயும் அப்படித்தான். ஆனா களத்தோட விட்டுடுவோம். மில்லுலயே பொறந்து வளர்ந்தவங்களுக்குத்தான் எதை எண்ணினாலும் வரும். வயரு, காபி, ஆளு, களவு."

"வாலாஜாபாத்ல பாதிப் பேர் அப்படித்தான் எண்ணுவாங்கம்மா" என்றார் கலியாணசுந்தரம்.

"பாதிப் பேர் அன்னிக்கு மாடி ஏறலயே" என்றாள் கிருஷ்ணவேணி. நோட்டைப் புரட்டினாள். "நாலு மணி வரைக்கும் படிக்கட்டுகிட்ட நீங்க உக்காந்திருந்தீங்க. ஒரு ஈ, எறும்பு ஏறல. எந்தக் கோயில்ல வேணும்னாலும் சத்தியம் பண்றேன்னு நீங்கதான் சொன்னீங்க."

"சீட்டு ஆடத் தெரியாதுன்னும் சொன்னாரு" என்றார் கண்ணாயிரம். "அதுக்குத் தனியா எழுதிக்கோ."

"பாஸ்வேர்ட் ஏதுபா உனக்கு?" என்று தில்லையம்மாள் கேட்டாள்.

பதில் சொன்னது நாமகிரி. "இப்போதான் ஞாபகம் வரது. ஒரு கவர்ல எழுதி, அரக்கு வெச்சு, மேனேஜர்கிட்ட குடுத்திருக்கேன்னு சொல்லியிருக்கார். தனக்கு ஏதாவது ஆச்சுன்னா கடை நின்னுடக் கூடாதுன்னு." யு.பி.எஸ். மேலிருந்த கையை அவள் இன்னும் எடுக்கவில்லை. "ஒன்றரை மணிக்கு அவர் விழுந்ததை யாரோ வந்து இங்கே சொல்லியிருப்பா. நீங்க கவரைப் பிரிச்சிருக்கேள். நாங்க எல்லாம் அங்கே ஃபேன் எப்போ சுத்தும்னு பாத்துண்டிருந்தோம். நீங்களும் இங்கே கரண்டு எப்போ வரும்னுதான் பாத்துண்டிருந்திருக்கேள்."

கலியாணசுந்தரம் அலமாரியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

"சொந்தமா ஒரு கடை வெக்கலாம்னு" என்றார்.

தில்லையம்மாள் புகார்த் தாளைத் திரும்பப் படித்தாள். பேனாவைத் திறந்து, தேசிகன் என்ற பெயர் வந்த ஐந்து இடங்களிலும் கோடு போட்டாள். மேலே வேறு பெயர் எழுதினாள். நிதானமாக எழுதினாள், எழுத்துப் பிழை இல்லை. பிறகு நாமகிரியின் கை மேல் தன் கையை ஒரு தடவை வைத்து எடுத்தாள்.

"எறங்கிடுச்சு" என்றாள் கிருஷ்ணவேணி. "எல்லாம் லேப்டாப்புல வந்துடுச்சு மாமி. கையை எடுக்கலாம்."

நாமகிரி கையை எடுத்தாள். மூன்று நிமிடம் கழித்து யு.பி.எஸ். தானாகவே ஓய்ந்தது. பெட்டியின் பச்சை விளக்கு அணைந்தது. அது இனி எழுந்திருக்கும்போது மார்ச் ஒன்று, பூஜ்யம் மணி.

*

மத்தியானம் கண்ணாயிரம் வீடு வரை வந்து, அவிழ்த்த பேப்பர் கட்டை மறுபடி கட்டிக் கொடுத்தார். இந்த முறை சணல் கயிற்றால். நீல வயரை என்ன செய்வது என்று கேட்டார். தேசிகனின் மேஜை இழுப்பறையிலேயே போட்டுவிடச் சொன்னாள் நாமகிரி.

போகிறபோது அவர் கூடத்துச் சுவரை அண்ணாந்து பார்த்தார். தன் கைக் கடிகாரத்தையும் பார்த்தார்.

"கடியாரம் வேகமா ஓடுது மாமி. ஸ்டூல் இருக்குதா? ஒரு நிமிஷம், திருப்பி வெச்சுட்டுப் போறேன்."

"வேண்டாம்" என்றாள் நாமகிரி. "எவ்வளவுன்னு எனக்குத் தெரியும்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். லக்ஷணாவுக்கு எஸ்.டி.டி. போட வேண்டும், இரண்டு மணிக்கு ஹாஸ்டலில் இருப்பாள். நாமகிரி நிமிர்ந்து பார்த்தாள். கடிகாரத்தில் இரண்டு அடிக்க ஒரு நிமிடம் இருந்தது. இன்னும் எட்டு நிமிடம் இருக்கிறது என்று உட்கார்ந்துகொண்டாள்.

அது இன்றும் ஏழு நிமிடம் வேகமாகத்தான் ஓடுகிறது.